மாதாமுனைக்கு ஒரு கணக்கு டீச்சர்

போன வாரம், நான் ஓய்வு பெற்ற மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு போன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு மறுநாள் மாதாந்திர ஆய்வுக் கூட்டம். நாங்கள் தாளில் எழுதிக் கொடுத்த நிலவர அறிக்கையை இப்போது திரையில் பக்கம் பக்கமாக ஓடவிட வேண்டுமாம். ஆசிரியர்களுக்கு ஒரு பக்கம், மாணவர்களுக்கு ஒரு பக்கம் முடித்துவிட்டு மூன்றாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், 'சமூகப் பங்களிப்பு'ன்னு தலைப்பு இருக்கு. மரக்கன்னு நட்ட போட்டோ ஒண்ணு, பீரோ வாங்கிக் குடுத்த போட்டோ ஒண்ணு வச்சிட்டேன். இன்னும் எடம் கிடக்கு. வேற என்ன வைக்கலாம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாகரிகமான சிரிப்பு இல்லை. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த என் கணவர் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். போனுக்குள் அந்தத் தம்பி "மேடம்? மேடம்?" என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கு அந்த ரெண்டு போட்டோவே போதும். மூணாவது பக்கம்னா என்னன்னு நான் எழுதித் தாரேன், பொறுங்க" என்றேன். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி நாலு வரி போதும். அபிராமத்துப் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடும் குடும்பம். சிக்கலில் சமூக அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். சாக்பீஸோடு பாதி ஆயுசு, தலைமையாசிரியை நாற்காலியில் கொஞ்சம், கடைசி நாலு வருஷம் மாவட்டக் கல்வி அலுவலர். அந்த நாலு வருஷத்தில்தான் நான் தில்லைநாயகம் சாரிடம் மாட்டினேன்.

அவர் எங்களுக்கு மேலே, முதன்மைக் கல்வி அலுவலர். ஒல்லியான மனிதர். பள்ளியைப் பார்க்கப் போனால் தலைமையாசிரியர் அறைக்குள் நுழையமாட்டார். நேராகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீர் வந்தால்தான் அடுத்த பேச்சு. ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் அறிக்கையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்றே சொல்தான் சொல்வார்.

"ஆசிரியர்?"

நாங்கள் சொல்வோம்.

"மாணவர்?"

சொல்வோம்.

"ஊர்?"

இங்கேதான் எல்லோரும் பேனாவைத் தேட ஆரம்பிப்போம். அரசாங்கக் கடிதங்களில் இருந்த நீளமான பெயரெல்லாம் அவருக்கு ஒத்துவராது. ஊர் என்றால் ஊர். பள்ளிக்கூடத்துக்கு அந்த ஊர் என்ன செய்தது, அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தது, அவ்வளவுதான். 'ஊர் மக்கள் சிறப்பாக ஒத்துழைத்தனர்' என்று ஒருமுறை எழுதியிருந்தேன். பச்சை மையால் 'சிறப்பாக'வை அடித்தார். பிறகு 'ஒத்துழைத்தனர்' என்பதையும் அடித்தார். மிச்சம் 'ஊர் மக்கள்' நின்றது. "இது உண்மை. இவங்க இருக்காங்க. என்ன செஞ்சாங்கன்னு பாத்துட்டு வந்து எழுதுங்க" என்றார். 'சுமார் நூறு பிள்ளைகள்' என்று எழுதிய இன்னொருவரிடம், "அந்த சுமார்ங்கிற பிள்ளை எந்த வகுப்பு?" என்று கேட்டார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "சரி, உக்காருங்க" என்பார். அதற்கே எங்களுக்கு வேர்த்துவிடும்.

மாதாமுனை விஷயத்துக்கு வருகிறேன். கீழக்கரைக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த சின்ன ஊர். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் மீனையும் கருவாட்டையும் கூடையில் தூக்கிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அங்கே எட்டாம் வகுப்பு வரை இருந்த பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்திய நாளில், மாதா கோயில் மணியை அடித்து ஊரே கொண்டாடியது. ஆனால் கணக்குக்கு ஆசிரியர் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கணக்கு டீச்சர் இல்லாமலே ஓடிவிட்டது. அடுத்த வருஷம் அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வு.

மே மாத வெயிலில் ஒருநாள் தலைமையாசிரியர் பூமிநாதன் என் அறைக்கு வந்தார். எதற்கெடுத்தாலும் பதறுகிற மனிதர், ஆனால் தங்கமான மனிதர். ஒரு கட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"டிசி கேட்டு எழுதிக் குடுத்திருக்காங்க மேடம். ஒம்பது பேரு. அத்தனையும் பொம்பளைப் பிள்ளைக."

"வேற ஸ்கூலுக்கா?"

"எங்க மேடம் போவாங்க? நிப்பாட்டுறதுக்குத்தான். கணக்கு டீச்சர் இல்லாமப் பரீட்ச எழுதி பெயிலாகி அசிங்கப்படுறதுக்கு வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்றாங்க."

காகிதங்களைப் புரட்டினேன். ஒன்பது விண்ணப்பமும் ஒரே கையெழுத்து. முத்து முத்தாக, அச்சில் வார்த்த மாதிரி. யார் எழுதியது என்று கேட்டேன். அனிஷா என்று ஒரு பிள்ளையாம், வகுப்பிலேயே அழகாக எழுதுகிறவள். எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கும் எழுதியிருக்கிறாள். ஒன்பதாவது காகிதத்தை நான் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"கலந்தாய்வு முடியுற வரைக்கும் ஒரு டிசியும் எழுதாதீங்க" என்றேன்.

கலந்தாய்வு என்றால் என்னவென்று வெளி ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். இடமாறுதல் கேட்கும் ஆசிரியர்களைப் பணிமூப்பு வரிசைப்படி ஒரு அறையில் உட்காரவைப்போம். காலி இடங்கள் திரையில் வரிசையாகத் தெரியும். பெயர் கூப்பிட்டதும் ஒருவர் வந்து உட்கார்ந்து தனக்கு வேண்டிய பள்ளியைச் சொல்வார். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஒரு தட்டு தட்டுவார். அந்தப் பள்ளி திரையிலிருந்து மறையும், உத்தரவு அச்சாகி வரும். யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது, வாக்குறுதி கொடுக்கக் கூடாது. அந்த விஷயத்தில் தில்லைநாயகம் சார் நெருப்பு. அதற்கு முந்தின வருஷக் கலந்தாய்வில் மாதாமுனை திரையில் கடைசி வரைக்கும் நின்றது. மாலை விளக்கைப் போட்ட பிறகும் நின்றது.

அந்த வாரமே மாதாமுனைக்குப் போனேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி பிலோமினா. கருவாட்டு வியாபாரம். கடற்கரையில் ஏலம் கூறினால் அந்தக் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும். கலந்தாய்வைப் பற்றி நான் விளக்கியதை இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"அதாவது ஆபீசரம்மா, டீச்சருமாருதான் ஊரப் பாத்து எடுக்கணும்?"

"ஆமா."

"நம்ம ஊரு அங்கன வெறும் பேரா எழுதிக் கிடக்கு. நல்லது பொல்லாதது எடுத்துச் சொல்ல ஆளு இல்ல."

"சொல்லக் கூடாது பிலோமினா. உள்ள யாரும் வரக் கூடாது."

"உள்ளதானே வரக் கூடாது? வாசலு?"

அப்போது என் வாயில் சனி உட்கார்ந்தது. "வாசல் பொதுவழி. அங்க நிக்கிறவங்கள யாரு என்ன சொல்ல முடியும்?" என்றேன். சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கே திக்திக்கென்று இருந்தது. ஆனால் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது வகுப்பைக் கட் அடித்ததில்லை நான். அந்த வயதில் வர வேண்டிய குறுகுறுப்பு ஐம்பத்தேழு வயதில் வந்தது.

கலந்தாய்வு அன்று காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். மாதா கோயில் வேன் நின்றுகொண்டிருந்தது. இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். குழுவில் இருபது பேர் என்றால் பதினோரு பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் வரைந்து கொடுத்த பெரிய சார்ட் பேப்பர் அட்டை ஒன்று: நீலக் கடல், மஞ்சள் பள்ளிக்கூடம், மேலே 'எங்க ஊருக்கு வாங்க'. கூட்டத்துக்குப் பின்னால் பூமிநாதன், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு.

ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வர, பிலோமினா மறித்தாள்.

"என்ன பாடம் டீச்சர்? தமிழா? தமிழுக்கு ஆளு இருக்கு, நீங்க போங்க. நீங்க சார்? அறிவியலா? போங்க, போங்க. நீங்க? கணக்கா! நில்லுங்க சார், நில்லுங்க! கடல் பாத்த கிளாசு ரூமு! பேன் போட வேணாம், அப்பிடி ஒரு காத்து! தண்ணி வருது, கக்கூஸ்ல குழாய் ஒழுகல! பிள்ளைக எதுத்துப் பேசாது!"

"எம் மவளத் தவிர" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"அவளத் தவிர!" என்று பிலோமினா திருத்திக்கொண்டாள்.

மேலே ஜன்னலோரம் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"கீழ என்ன சத்தம்?"

தில்லைநாயகம் சார். நான் பதில் சொல்லும் முன் அவரே எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "வாசலுக்கு வெளியதானே நிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மேஜைக்குப் போய்விட்டார். எனக்கு மூச்சு வந்தது.

கணக்கு ஆசிரியர்கள் முறை பதினோரு மணிக்குத் தொடங்கியது. பெயர்களை வாசிப்பது என் வேலை. ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள், வேறு ஊரைச் சொன்னார்கள். பரமக்குடிப் பக்கம் இருந்த இடங்கள் மளமளவென்று மறைந்தன. பதினைந்தாவது ஆள் எழுந்து போனபோது திரையில் மூன்று ஊர்தான் பாக்கி. இரண்டு உள்நாட்டுக் கிராமங்கள், அப்புறம் மாதாமுனை. பதினாறாவது பெயர் ஷாகிதா. கீழக்கரைக்காரர். கணவர் துபாயில். கமுதிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டு வருஷமாக இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறவர். அவருக்குப் பிறகு வரிசையில் கணக்கு ஆளே இல்லை.

"ஷாகிதா பேகம்" என்று கூப்பிட்டேன். அவர் அறையில் இல்லை.

அதே நொடியில் திரை நின்றது. ஆபரேட்டர் தட்டினார், மறுபடி தட்டினார். "சர்வர் போச்சு மேடம்" என்றார். வருஷக்கணக்காக என்னிடம் திட்டு வாங்கிய சர்வர் அது. அன்றைக்கு மட்டும் அதற்கு ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்பேன்.

பூமிநாதன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "மேடம், கீழ வாங்க. அந்தக் கீழக்கரை டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்க. எல்லாரும் வாயடச்சுப் போய் நிக்கிறாங்க."

இறங்கி ஓடினேன். ஷாகிதா கறுப்புப் புர்காவில், கையில் பைலோடு அமைதியாக நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பத்துப் பதினோரு பெண்கள்.

"நான் தப்பா ஒண்ணும் கேக்கல மேடம்" என்றார் ஷாகிதா. "ஸ்கூல் நாலு இருபதுக்கு விடும். ஊருல இருந்து சாயங்கால பஸ் நாலு பத்து. அத விட்டா ஏழரைக்குத்தான். எம் மகன் மதரஸா முடிஞ்சு அஞ்சே முக்காலுக்கு வாசல்ல நிப்பான். எனக்கு இவங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்க ஆசதான். நான் எப்பிடி வீட்டுக்குப் போவேன்?"

இதுதானா! எங்கள் ஆசிரியர்கள் கடலுக்குப் பயப்படுகிறார்கள், கருவாட்டு வாசத்துக்கு முகம் சுளிக்கிறார்கள் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பத்து நிமிஷம்! இந்தப் பத்து நிமிஷத்தை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை, யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

"பஸ் நேரத்த மாத்தக் கேக்கலாமே?" என்றேன்.

பிலோமினா தரையைப் பார்த்தாள். "அந்த நேரத்த நாங்கதான் ஆபீசரம்மா கேட்டு வாங்குனோம். நாலு பத்துக்கு ஏறுனாத்தான் அஞ்சு மணி மார்க்கெட்ல வாசல்கிட்ட எடம் கிடைக்கும். அர மணி பிந்துனா காய்கறிக்காரக அம்புட்டு எடத்தையும் பிடிச்சிருவாக. கடேசில சாக்கடை ஓரம்தான்."

யாரையும் குற்றம் சொல்ல முடியாத இடத்தில் வந்து நின்றுவிட்டோம். டீச்சர் வேண்டும் என்று வேன் எடுத்து வந்த அதே பெண்களுடைய பிழைப்பு அந்த நாலு பத்து பஸ்.

பிலோமினா மடியிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் மரியபுஷ்பம், ஊரில் மீன் விற்கும் பெண்களில் மூத்தவள்.

"மதினி, பஸ்ஸ நாலு நாப்பதுக்கு மாத்துனாக் கணக்கு டீச்சர் வருவாக. என்ன சொல்ற?"

"நீ டீச்சரு பிடிக்கப் போனியா, எம் பொழப்பக் கெடுக்கப் போனியா?" என்றது போன். "மாத்தக் கூடாது! எடம் போனா யாரு தருவா, நீ தருவியா?"

"எடம் போகாட்டி?"

"எடம் போகலன்னா எனக்கென்ன வந்துச்சு. எம் பேத்தியுந்தான் படிக்கா."

பிலோமினா போனை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு எண்ணைப் போட்டாள். சுற்றி நின்ற பெண்கள் "ஆத்தி!" என்று வாயில் கைவைத்தார்கள். அது வேலுச்சாமியின் எண். சிக்கலிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவந்து அதே மார்க்கெட்டில் விற்பவர், அங்கே காய்கறிக்காரர்களுக்கு நாட்டாமை மாதிரி. அவருக்கும் பிலோமினாவுக்கும் இடத்தகராறு நடக்காத சாயங்காலமே கிடையாதாம்.

"யாரு? பிலோமினாவா?" என்றார் அவர். "ஏலே, இங்கன வாங்கடா, அந்தக் கருவாட்டுக்காரி எனக்குப் போன் பண்ணுதா!"

"விளையாடாத. ஒரு காரியமாத்தான் கூப்பிட்டேன்." பிலோமினா விஷயத்தைச் சொன்னாள். நாலு நாற்பது பஸ்ஸில் வந்தால் அவர்கள் போய்ச் சேரும் வரை வாசல் பக்கத்து இடத்தில் சாக்கை விரித்து வைத்துக் காக்க வேண்டும். தினமும்.

"தினமுமா?"

"தினமும்."

"சரி, ஒண்ணு செய்யி. என்னய வாயா போயாங்காம அண்ணேன்னு ஒரு தடவ கூப்பிடு. கேக்கேன்."

பிலோமினாவின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஷாகிதா புர்காவின் நுனியால் வாயை மூடிக்கொண்டார். பூமிநாதன் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே" என்றாள்.

"கேக்கல."

"அண்ணே! அண்ணே! அண்ணே! போதுமாய்யா?"

"சாக்க விரிச்சாச்சு, வா தாயி" என்றது போன். வாசலில் கைதட்டல். அலுவலகப் பியூன்கூட ஓடி வந்து எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

நான் மேலே ஓடினேன். தில்லைநாயகம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "வாய் வார்த்தையக் கலந்தாய்வு அறைக்குள்ள கொண்டு வராதீங்கம்மா. எழுத்தா இருந்தா கொண்டு வாங்க" என்றார்.

"சர்வர் எப்ப வரும்னு தெரியலையே சார்."

"அதான் சொல்றேன். எப்ப வரும்னு தெரியல. வேகமாப் போங்க."

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. இருபதில் பதினோரு பேர் இருக்கிறார்கள், பாதிக்கு மேல், கூட்டம் செல்லும். சைக்கிள் ஸ்டாண்டில் மேலாண்மைக் குழுவின் அவசரக் கூட்டத்தை நடத்தினோம். தீர்மானப் புத்தகம் பூமிநாதன் பையில் இருந்தது. அந்த மனிதர் அதைத் தூக்கத்தில்கூடப் பிரியமாட்டார். மாலைப் பேருந்தை நாலு நாற்பதுக்கு மாற்றிக் கேட்டுத் தீர்மானம் எழுதினார். அவசரத்தில் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கட்டைவிரல் வைத்த ஒரு அம்மா மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எம் மவ வந்து இத வாசிக்கணும்" என்றாள்.

அதை மேலே கொண்டுபோனேன். தில்லைநாயகம் சார் படித்தார். 'மிகவும் பணிவன்புடன்' என்பதை அடித்தார். கீழே பச்சை மையில், 'பரிந்துரைக்கிறேன். பள்ளி நேரத்துக்குப் பொருந்தும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேருந்துப் பணிமனை மேலாளருக்கு அவரே போன் செய்தார். "உங்களுக்கு ஒரு கடிதம் வருது. செய்யுங்கன்னு நான் சொல்லல. வந்த உடனே படிங்கன்னு மட்டும் சொல்றேன்."

பணிமனைக்கு ஆட்டோவில் ஏழு நிமிஷம். நான், பிலோமினா, பூமிநாதன் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில். மேலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "போன தடவ நீங்கதானம்மா நாலு பத்து வேணும்னு வந்து நின்னீங்க?" என்று பிலோமினாவைக் கேட்டார்.

"அப்ப எனக்கு மார்க்கெட் மட்டும்தான்யா தெரிஞ்சுச்சு."

அவர் சிரித்துவிட்டார். கண்டக்டர்களோடு பேசினார், அட்டவணையைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். கடைசியில், மூன்று மாதம் சோதனையாக நாலு நாற்பதுக்கு ஓட்டிப் பார்க்கிறோம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த முத்திரைச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

திரும்பி வந்து படியேறுகிறேன், மேலிருந்து ஆபரேட்டர் கத்துகிறார்: "சர்வர் வந்துருச்சு!"

"ஷாகிதா பேகம்" என்று கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "மூணு மாசம்தானே மேடம் போட்டிருக்கு. அதுக்கப்புறம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கக் கூடாது. வாக்குறுதி கொடுக்கக் கூடாது. தில்லைநாயகம் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜையைப் பார்த்தேன். ஷாகிதா எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே பார்த்துக் கேட்டார்: "அக்கா, மூணு மாசத்துக்கு அப்புறம் பஸ்ஸ பழையபடி மாத்திட்டா?"

கீழேயிருந்து பிலோமினாவின் குரல், கடற்கரைக் குரல், மூன்று மாடிக்கும் கேட்டது: "அப்புறமும் நாங்க அங்கனதான் இருப்போம் டீச்சர்! எங்க போகப் போறோம்?"

ஷாகிதா திரும்பி வந்து உட்கார்ந்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டார். "மாதாமுனை" என்றார்.

ஆபரேட்டர் தட்டினார். திரையிலிருந்து அந்த வரி மறைந்தது. இரண்டு வருஷமாக நான் வெறித்துப் பார்த்த வரி. கீழே குலவைச் சத்தம் எழும்பியது பாருங்கள், பக்கத்து அலுவலகங்களில் எல்லாம் ஆட்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன், சின்னப் பிள்ளை மாதிரி. நிறுத்த முடியவில்லை.

மாலையில் தில்லைநாயகம் சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"இவங்க தானா வந்தாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "வாசல் பொதுவழின்னு நான்தான் சார் சொன்னேன்."

"அடுத்த வருஷம் எல்லா ஊரும் வேன் எடுத்துட்டு வந்தா?"

"வண்டி நிறுத்த எடம் பாக்கணும் சார்." எனக்கு அன்றைக்குப் பயம் என்ற ஒன்றே உடம்பில் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. திரையில் இருந்ததை அச்செடுத்த தாள் ஒன்றை என் பக்கம் திருப்பினார். அதில் இரண்டு ஊர் பாக்கி இருந்தது. அந்த உள்நாட்டுக் கிராமங்கள். யாரும் எடுக்கவில்லை. "இவங்களுக்கு வேன் இல்ல" என்றார். "இங்க என்ன பத்து நிமிஷம் இடிக்குதுன்னு பாத்துட்டு வாங்க. சரி, உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயைக் குடித்தேன். அடுத்த வாரமே அந்த இரண்டு ஊருக்கும் போனேன். ஒன்றில் குடிதண்ணீர், இன்னொன்றில் வாடகைக்கு வீடு. ஒன்று தீர்ந்தது, ஒன்று நான் இருந்தவரை தீரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பது விண்ணப்பங்களையும் பூமிநாதன் அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்தார். ஒன்பது பேரும் ஜூனில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று மாதம் முடிந்தபோது பஸ் நேரத்தைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அது அப்படியே நாலு நாற்பது ஆகிவிட்டது. தேர்வு முடிவு வந்தபோது நான் ஓய்வு பெறப் பத்து நாள் இருந்தது. கணக்கில் வகுப்பு முழுக்கத் தேறியது. ஒரு பெண் அறிவியலில் தவறிவிட்டு, துணைத் தேர்வில் எழுதித் தேறினாள்.

ஆனால் தம்பி, மூன்றாவது பக்கத்துக்கு என்ன என்று கேட்டீர்களே, நான் தேர்வு முடிவைச் சொல்லமாட்டேன். பள்ளி திறந்த மூன்றாவது வாரம் நடந்ததைத்தான் சொல்வேன்.

பள்ளியைப் பார்வையிடப் போயிருந்தேன். திரும்பும்போது கார் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு நாலு நாற்பது பஸ்ஸில் ஏறினேன். உள்ளே கால்வைக்க இடமில்லை. மீன் கூடைகள், கருவாட்டு மூட்டைகள். ஜன்னலோர சீட்டில் ஒரு கூடை உட்கார்ந்திருந்தது. "டீச்சர் எடம், யாரும் உக்காராதீக" என்று காவலிருந்தது மரியபுஷ்பம். ஷாகிதா ஓடி வந்து ஏறினார், கூடை இறங்கியது, அவர் உட்கார்ந்ததும் மடியில் நோட்டுக் கட்டைப் பிரித்தார். அன்றைக்கு வைத்த பத்து மதிப்பெண் தேர்வு. பஸ் ஓட ஓடத் திருத்தினார்.

"டீச்சர், செலின் எம்புட்டு?" என்று ஒரு குரல் தொடங்கியது.

"எட்டு."

"எட்டு!" என்று அந்த அம்மா பஸ்ஸின் பின்பக்கத்துக்குக் கத்தினாள். "எம் மவ எட்டு!"

"சகாயமேரி?"

"ஏழு."

"ஏழாம்! ஏழு!"

பிறகு ஒருவர் கேட்க, ஒருவர் கத்த, முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு எண்கள் பறந்தன. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு எண்ணையும் டிரைவருக்குச் சொன்னார். டிரைவர் ஒன்பதுக்கு ஒரு ஹாரன் அடித்தார், பத்துக்கு நீளமாக அடித்தார். மரியபுஷ்பம் மட்டும் ஒன்றும் கேட்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அடங்கிய பிறகு, யாரிடமோ கேட்பதுபோல, "எங்க வீட்டுச் சிறுக்கி?" என்றாள்.

ஷாகிதா நோட்டைத் தேடி எடுத்தார். "ஆறு அம்மா. போன வாரம் ரெண்டுதான் எடுத்தா."

மரியபுஷ்பம் எழுந்து நின்றாள். ஓடுகிற பஸ்ஸில், கம்பியைக்கூடப் பிடிக்காமல். "ரெண்டுல இருந்து ஆறு!" என்றாள். "ஏலே டிரைவரு, ரெண்டுல இருந்து ஆறு! அடிலே ஹாரன!"

டிரைவர் அடித்தார். மெயின் ரோட்டில் சேரும் விலக்கு வரை கையை எடுக்காமல் அடித்தார். ரோட்டோரத்து ஆடுகள் சிதறி ஓடின. ஷாகிதா தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நானும் ஒரு கருவாட்டு மூட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்தேன்.

"மேடம், உங்க ஸ்டாப் போயிருச்சே!" என்றார் கண்டக்டர்.

"போகட்டும்ப்பா" என்றேன். "மார்க்கெட் வரைக்கும் வாரேன்."